யோகா ஆசிரியர் இல்லாத பள்ளியில் யோகா வகுப்பை எப்படித் தொடங்குவது?

கேட்டிருப்பவர் கீழக்கரைப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறார். வாரம் இரண்டு பாடவேளை யோகா எடுக்கச் சொல்லிவிட்டார்கள். தனி ஆசிரியர் கிடையாது.

ஆசனத்தை விடுங்கள், முதலில் நேரத்தைப் பாருங்கள். காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த கையோடு யோகா வைத்துவிடுகிறார்கள். 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகள் அப்போதுதான் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டிருப்பார்கள். அந்த வயிற்றோடு குனியச் சொன்னால் குமட்டத்தான் செய்யும். டிபனுக்குப் பின் இரண்டு மணி நேரம், சோற்றுக்குப் பின் மூன்று மணி நேரம் போக வேண்டும். ஆகவே சின்ன வகுப்புகளுக்கு 11.30 மணிக்கு மேல் வையுங்கள். திட்டம் 5ஆம் வகுப்போடு நின்றுவிடுவதால் பெரிய வகுப்புகளின் சிக்கல் வேறு: அம்மா விடியுமுன் கடலில் பாசி எடுக்கப் போயிருந்தால் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்திருக்கும். அவர்களுக்குக் கடைசிப் பாடவேளைதான் சரி. மதியமும் சாப்பிடாத பிள்ளை இருந்தால் உட்கார்ந்து மூச்சுப்பயிற்சி மட்டும் செய்யட்டும்.

இடம் ஒரு பிள்ளைக்கு 6 அடிக்கு 3 அடி வேண்டும். 20க்கு 20 அடி வகுப்பறையில் நடக்க வழி விட்டால் 16, 18 பேருக்கு மேல் அடங்காது. மீதிப் பேரை அடுத்த பாடவேளைக்கு மாற்றுங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் வெளியே வேண்டவே வேண்டாம், கண்ணெல்லாம் மணல். பக்கத்தில் புயல் பாதுகாப்பு மையம் இருந்தால் அந்தக் கூடத்தைக் கேளுங்கள். சிமெண்டுத் தரையில் பொடிமணல் கிடந்தால் பிளாஸ்டிக் பாய் வழுக்கும். கூட்டிவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, ஜமுக்காளம் விரியுங்கள்.

மூச்சிலிருந்து தொடங்குங்கள். குனியும்போது மூச்சை விட வேண்டும், நிமிரும்போது இழுக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள், அதனால்தான் முகம் சிவந்து தலை சுற்றுகிறது. கரைவலை இழுக்கிறவர்கள் குரல் விட்டுக்கொண்டே இழுப்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஆசனத்திலும் மூன்று மூச்சு நின்றால் போதும்.

முதல் மாதத்துக்குத் தாடாசனம் (நேராக நிமிர்ந்து நிற்பது), விருட்சாசனம் (ஒற்றைக்காலில் நிற்பது), வஜ்ராசனம் (மண்டியிட்டுக் குதிகால் மேல் உட்காருவது), புஜங்காசனம் (குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது), சவாசனம் (மல்லாந்து தளர்ந்து படுப்பது) இவை போதும். விருட்சாசனத்தில் பாதத்தை முழங்காலின் பக்கவாட்டில் வைத்து அழுத்தவே கூடாது, மூட்டு நெளியும். முழங்காலுக்கு மேலே தொடையில், முடியாவிட்டால் கீழே கெண்டைக்காலில். வஜ்ராசனத்தில் கணுக்கால் வலித்தால் துண்டை மடித்து அடியில் கொடுங்கள்.

அதிகம் கெட்டுப்போவது புஜங்காசனம்தான். கையை ஊன்றி உந்தி எழும்பி, தோளைக் காதுவரை தூக்கி, கழுத்தை மடக்கிப் பின்னால் சாய்ப்பார்கள். இடுப்பில் வலி வருவது அதனால்தான். முழங்கை விலாவை ஒட்டியிருக்க வேண்டும், தொப்புள் தரையைவிட்டு எழும்பக் கூடாது. எழுந்த நிலையில் உள்ளங்கையை அரை விரற்கடை தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். நெஞ்சு அப்படியே நின்றால் முதுகு வேலை செய்கிறது. தொப்பென்று விழுந்தால் எழுந்த உயரம் கூடுதல், பாதியாகக் குறையுங்கள்.

தலைகீழாக நிற்கும் சிரசாசனம், மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி, மூச்சை நிறுத்தும் பிராணாயாமம் இவற்றைத் தொடாதீர்கள். வலிப்பு, வீசிங் உள்ள பிள்ளைகள் யாரென்று வகுப்பாசிரியரிடம் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாவாடை சீருடையில் வரும் பெண்பிள்ளைகளைக் கலப்பு வரிசையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கச் சொல்லாதீர்கள். மாதவிடாய் நாளில் செய்யலாமா என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும், காரணம் கேட்க வேண்டாம்.

இங்கே ஒருவர் வந்து, மந்திரம் இல்லாமல் இது யோகாவா என்று கேட்பார். இன்னொருவர், பள்ளிக்குள் மதத்தைக் கொண்டுவருகிறீர்களா என்பார். கீழக்கரையிலும் தொண்டியிலும் தங்கச்சிமடத்திலும் பல மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எண்ணிக்கை சொல்லிச் செய்தாலும் முதுகு அதே அளவுதான் வளையும். ‘ம்ம்’ என்று வாய் மூடி முனகும் பிராமரிக்கு எந்த வீட்டிலும் ஆட்சேபம் வராது. சந்தேகப்படும் பெற்றோரை ஒரு வகுப்புக்கு வந்து உட்காரச் சொல்லுங்கள். நான் எந்தத் தரப்புக்கும் வக்காலத்து வாங்கவில்லை, பிள்ளை வகுப்பைவிட்டு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யோகாவுக்கு நேரம் ஒதுக்கிவிட்டோம் என்று விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. இது அநியாயம். ஓடாத பிள்ளைக்கு யோகா ஈடு செய்யாது. குடிதண்ணீரும் அப்படித்தான். குழாயில் உப்புத்தண்ணீர் வந்தால் பிள்ளைகள் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள், பிறகு மதியத்தில் கெண்டைக்கால் இழுக்கிறது, மயக்கம் வருகிறது. யோகாவுக்கு அரை மணி முன்னால் ஒரு டம்ளர் நல்ல தண்ணீருக்கு வழி செய்யச் சொல்லித் தலைமையாசிரியரிடம் அடித்துப் பேசுங்கள்.

ஜூன் 21 வந்ததும் புகைப்படம் கேட்பார்கள். ஐ.நா. அறிவித்து 2015இலிருந்து உலகமே கொண்டாடும் நாள், நடத்துங்கள். ஆனால் கோடை விடுமுறை முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும், உடம்பு இறுகிக் கிடக்கும். மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் தந்திருக்கும் 45 நிமிடப் பொது யோகா நெறிமுறையை முழுசாகத் திணிக்காமல் 15 நிமிடம், நிழலில், தெரிந்த ஆசனங்களை மட்டும் செய்ய வையுங்கள். அன்று காலையில் நடத்தியே ஆக வேண்டும் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு யோகா முடிந்து கால் மணி கழித்து உணவு கொடுக்கும்படி சமைப்பவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.