கேக்குது, ஆனா பேச்சு போகல: போட் வயர்லெஸ் கேள்வி பதில்

கே: அண்ணே வணக்கம், எனக்கு ஊரு பாம்பன். 28 அடி பைபர் போட் வச்சிருக்கேன். போன மாசம் 25 வாட் விஎச்எஃப் வயர்லெஸ் செட் ஒண்ணு வாங்கி நானே மாட்டினேன். மத்த போட்டுல பேசுறது எல்லாம் தெளிவா கேக்குது, ஆனா நான் பேசினா ரெண்டு மைல் தாண்டுனா யாருக்கும் கேக்கல. சில நேரம் மைக் பட்டனை அமுக்குனதும் செட்டே அணைஞ்சு திரும்ப எரியுது. கடையில கேட்டா செட் நல்லாத்தான் இருக்குங்கறாங்க. வேற செட் வாங்கிடவா?

ப: தம்பி, காசை உள்ள வைங்க, செட்டுல ஒண்ணும் இல்ல. நீங்க எழுதுனதுலயே ரெண்டு தப்பு தெரியுது, ஒண்ணு கரன்ட், இன்னொண்ணு ஆண்டெனா கேபிள்.

மொதல்ல கரன்ட். சும்மா கேட்டுக்கிட்டு இருக்கும்போது செட்டு அரை ஆம்பியர்கூட இழுக்காது, அதனால எந்த ஒல்லி வயர்லயும் ஓடிடும். மைக்கை அமுக்கி 25 வாட்ல பேசும்போது 5, 6 ஆம்பியர் கேக்கும், அப்பத்தான் வயரோட வண்டவாளம் தெரியும். நீங்க லைட்டுக்கோ மீன் பாக்குற எக்கோ மிஷினுக்கோ போற லைன்லேர்ந்துதான் பிரிச்சு எடுத்திருப்பீங்க, அடிச்சு சொல்றேன். ஒரு மல்டிமீட்டரை செட்டுக்குப் பின்னாடி சிவப்பு கருப்பு வயர்ல வச்சுக்கிட்டு, ஆபத்துக்குன்னு வச்சிருக்கிற 16ஆம் சேனலை விட்டுட்டு வேற சேனல்ல பக்கத்து போட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பாருங்க. கூப்பிடும்போது 12 வோல்ட் கிட்ட நின்னா சரி, பத்தரைக்கு விழுந்துச்சுன்னா வயர்தான் திருடன், இல்லன்னா பேட்டரி செத்துக்கிட்டு இருக்கு. 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரை நேரா பேட்டரியிலேர்ந்து தனியா இழுங்க, பேட்டரி பக்கத்துலயே பாசிட்டிவ்ல 10 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்க. ஃபியூஸை செட்டுக்கிட்ட போட்டா நடுவுல வயர் தேஞ்சு ஷார்ட் ஆகும்போது அது யாரைக் காப்பாத்தும்?

இப்ப ஆண்டெனா. இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க, நானும் சறுக்கியிருக்கேன். நான் மொதமொதல்ல மாட்டிக் கொடுத்த போட்டுல கேபிள் முனையில இருக்கிற பிஎல் 259 கனெக்டரை ஈயம் வைக்காம நடுக்கம்பியை சும்மா உள்ள விட்டு முறுக்கி, மேல கறுப்பு டேப்பைச் சுத்திட்டு வந்துட்டேன். மூணே மாசம். அவரு உங்களை மாதிரியே வந்து நின்னாரு, கேக்குது ஆனா பேச்சு போகலன்னு. டேப்பைப் பிரிச்சா உள்ள இருந்து ஒரு சொட்டு உப்புத்தண்ணி வழியுது, நடுக்கம்பியைச் சுத்தி இருக்கிற பின்னல் கம்பி முழுக்க பச்சைக் களிம்பு, விரல்ல தேய்ச்சா பொடிப்பொடியா கொட்டுது. ரெண்டு இஞ்ச் வெட்டிப் பாத்தேன், இன்னும் பச்சை, ஒரு அடி வெட்டியும் கறுப்புதான், ஏன்னா தண்ணி பின்னலுக்குள்ளயே ஊறி ஏறியிருக்கு, கடைசியில மொத்த கேபிளையும் தூக்கிப் போட்டேன். அன்னைலேர்ந்து நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் ஈயம் வைக்காம எந்த கனெக்டரையும் நான் மூடுறதில்ல. அதுக்கு மேல இழுத்துச் சுத்துனா தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப், அதுக்கும் மேல சாதா டேப். புளிச்ச வாடை அடிக்கிற சிலிக்கான் மட்டும் வேண்டாம், அதுல வர்ற ஆசிட்டே செம்பைத் தின்னுடும்.

கேபிள் 50 ஓம் கேபிளா இருக்கணும். வீட்டுல மிச்சம் கிடக்குதுன்னு டிஷ் கேபிளை மாட்டுறவங்க இருக்காங்க, அது 75 ஓம், இதுக்கு ஆகாது. ஒல்லியான ஆர்ஜி 58 பத்து மீட்டர் போட்டா 25 வாட்ல 15, 16 வாட்தான் மேல போய்ச் சேரும், பெருசான ஆர்ஜி 213 போட்டா 20 வாட் போகும். ஆண்டெனாவைக் கழட்டிட்டு கேபிளோட நடுக்கம்பிக்கும் வெளிப்பக்கத்துக்கும் மீட்டர் வச்சுப் பாருங்க, பீப் அடிச்சா கனெக்டருக்குள்ள ஷார்ட். ஆண்டெனாவோட சேத்து வச்சுப் பாக்காதீங்க, சில ஆண்டெனா நல்லா இருந்தாலும் பீப் அடிக்கும். கழட்டுன நேரத்துல மறந்துபோயும் மைக்கை அமுக்கிடாதீங்க, செட்டோட அவுட்புட் போயிடும்.

கடைசியா உயரம். இந்த அலை நேர்க்கோட்டுல போற சமாச்சாரம், கடல் வளைவுக்குக் கீழ இறங்காது. உயரத்தை மீட்டர்ல எடுத்து ஸ்கொயர் ரூட் போட்டு 4.1 ஆல பெருக்குங்க, கிலோமீட்டர் வரும், ரெண்டு பக்கத்துக்கும் போட்டுக் கூட்டணும். ரெண்டு போட்டுலயும் ஆண்டெனா 1 மீட்டர்ல இருந்தா 8 கிலோமீட்டர், 4 மீட்டர்ல இருந்தா 16. வாட் அதேதான், கம்பு மட்டும்தான் வேற. அதனால நல்ல கம்பா நட்டு உச்சியில மாட்டுங்க, இரும்பு பைப்பை ஒட்டி பக்கவாட்டுல கட்டாதீங்க. ஆண்டெனா 3 டிபி போதும், டிபிங்கறது ஆண்டெனா சக்தியை எவ்வளவு குவிச்சு அனுப்புதுங்கற கணக்கு. 9 டிபின்னு நீளமா ஒண்ணு விப்பாங்க, அது சக்தியைத் தட்டையா அனுப்பும், நம்ம போட் வாடைக்காத்துல ஆடும்போது ஒரு தடவை தண்ணிக்குப் பேசும் ஒரு தடவை வானத்துக்குப் பேசும்.

கே: கையில வச்சுப் பேசுற வாக்கி போதாதா சார்? (தேங்காப்பட்டணம்)

ப: கரையோரத் தொழிலுக்கும், போட் கவுந்தா இடுப்புல இருக்கறதுக்கும் நல்லது. ஆனா 5 வாட்டுதான், உக்காந்து பேசினா உயரமும் கிடையாது. ஆழ்கடல் போறவங்களுக்கு மாட்டுற செட்டே பத்தாது, 2017ல ஒக்கி புயல் அடிச்சப்ப தூரத்துல இருந்த போட்டுகளுக்கு விஎச்எஃப் எட்டவே இல்லன்னு உங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியாததா. அவங்களுக்கு சாட்டிலைட் வழி கருவிதான்.

கே: செட்டுல சிவப்பு மூடி போட்டு ஒரு பட்டன் இருக்கே, அமுக்கிப் பாக்கலாமா? (நாகப்பட்டினம்)

ப: ஐயோ, விளையாட்டுக்கு அமுக்காதீங்க! அது சேனல் 70 வழியா ஆபத்துன்னு சுத்தி இருக்கிற கப்பலுக்கெல்லாம் அலாரம் அடிக்கும். செட்டுக்குள்ள உங்க போட்டோட 9 இலக்க அடையாள நம்பரான எம்எம்எஸ்ஐயை ஏத்தியிருந்தாத்தான் அந்த அலாரம் போகும், யாருன்னும் தெரியும், நம்ம நாட்டுக்கு 419ல ஆரம்பிக்கும். பல செட்டுல அந்த நம்பரை ஒரு தடவை ரெண்டு தடவைதான் ஏத்த முடியும், அதனால லைசன்ஸ் பேப்பரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு இலக்கமா பாத்துப் போடுங்க. ஜிபிஎஸ்ஸையும் அதோட வயர்ல இணைச்சிடுங்க, இல்லன்னா அலாரம் போகும், எங்க இருக்கீங்கங்கறது போகாது.