கலீக், கோ-வொர்க்கர், ஃப்ரெண்ட், கம்பேனியன்: எல்லாம் ஒன்றுதானா?

நான்கும் ஒன்றுதானே, மெயிலில் எதைப் போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள் போல. ஒன்றில்லை. இதில் ஒரு வார்த்தைக்காக மேனேஜரிடம் பாட்டு வாங்கியவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அம்பத்தூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸில் இருந்தேன். பர்மிங்காமிலிருந்து ஒரு கஸ்டமர் வந்திருந்தார். மதியம் சாப்பிடக் கிளம்பும்போது, வண்டிக் கதவைத் திறந்துவிட்ட டிரைவர் அண்ணனைக் காட்டி "மை கலீக்" என்று அறிமுகப்படுத்தினேன். வந்தவர் கை நீட்டினார். அண்ணன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கை கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான். சாயங்காலம் கேபினுக்குக் கூப்பிட்டு, "டிரைவரைப் போய் கலீக்குங்கிறியேம்மா, டிக்‌ஷனரி பார்த்ததே இல்லையா?" என்றார் மேனேஜர்.

"அவரும் இங்கதானே சார் வேலை பார்க்கிறாரு?"

"அவன் கான்ட்ராக்ட்மா."

டிக்‌ஷனரியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த மனிதர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. லத்தீனில் அந்த வார்த்தை ஒரே பதவியைச் சேர்ந்து வகிப்பவரைக் குறித்தது. பழைய ரோமில் ஒரே சமயத்தில் இரண்டு கான்சல்கள், அதாவது ஆட்சியின் தலைமை அதிகாரிகள், இருப்பார்கள், ஒருவருக்கு மற்றவர் கலீக். இன்றைக்கும் வேலூர் டாக்டர் டெல்லி டாக்டரைக் கலீக் என்பார், இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதில்லை. கோ-வொர்க்கர் என்றால் வேலையிடம் ஒன்றாக இருக்க வேண்டும், படிப்பும் பதவியும் எப்படியிருந்தாலும் சரி.

ஆனால் அது பழைய கணக்கு. அந்தக் கஸ்டமரின் நாட்டிலேயே டெஸ்கோ, ஆஸ்டா போன்ற சூப்பர் மார்க்கெட்டுகளில் அலமாரியில் பால் அடுக்குகிறவருக்கும் கலீக் என்றுதான் பெயர். அமெரிக்க வால்மார்ட்டில் அசோசியேட், ஸ்டார்பக்ஸில் பார்ட்னர். பெயரை மாற்றினால் சம்பளம் ஏறிவிடுமா என்று கேட்காதீர்கள், ஏறாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒருவரைக் கைகாட்டி அறிமுகப்படுத்தும்போது அவர் கான்ட்ராக்டா பர்மனன்டா என்று யார் பார்ப்பார்கள்?

ஃப்ரெண்ட் விஷயத்தில் ஜாக்கிரதை. கோர்ட்டில் "மை லேர்னட் ஃப்ரெண்ட்" என்று சொல்வது எதிர்த்தரப்பு வக்கீலை! பிரிட்டிஷ் பார்லிமென்டிலோ "ஆனரபிள் ஃப்ரெண்ட்" சொந்தக் கட்சிக்காரருக்கு மட்டும். எதிர்வரிசைக்காரர் வெறும் "ஆனரபிள் மெம்பர்". ஆபீஸில் கூட டீ குடிப்பவரை ஃப்ரெண்ட் எனலாம், தப்பில்லை. ஆனால் வேலை மெயிலில் "மை ஃப்ரெண்ட் வில் செண்ட் த ஃபைல்" என்று எழுதினால், யாரோ வெளியாள் அனுப்பப்போகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

கம்பேனியனை ஆபீஸ் பக்கமே கொண்டுவராதீர்கள். அது பயணத்தில் கூட வருபவர், வயதானவருக்குத் துணையாக இருப்பவர், சில சமயம் சேர்ந்து வாழ்பவர். பார்ட்னரும் அப்படித்தான். கடையில் பங்குதாரர் என்றால் பிசினஸ் பார்ட்னர் என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள், வெளிநாட்டுக்காரர்களிடம் முக்கியமாக.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது: ஃபேமிலி. எங்கள் எச்.ஆர். மெயில் எல்லாமே "டியர் ஃபேமிலி" என்றுதான் ஆரம்பிக்கும். அந்தக் குடும்பம்தான் நான் வேலையை விட்டதும் பி.எஃப்.பில் வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தது. போன் போட்டால், "பார்க்கிறோம் மேடம்." கம்பெனி கடைசியாக பி.எஃப். பணம் கட்டி இரண்டு மாதம் ஆகிவிட்டால் அந்தத் தேதியை நாமே யு.ஏ.என். என்கிற நம் பி.எஃப். எண்ணைப் போட்டு ஆன்லைனில் பதியலாம், 2020லிருந்தே அந்த வசதி இருக்கிறது. ஒரு புண்ணியவானும் அப்போது சொல்லவில்லை. நீங்களாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.