‘முழு அதிகாரம்’ என்று எழுதித் தந்தால் வீட்டை விற்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்கும் தம்பிக்கும் கூட்டாக ஒரு பிளாட் இருக்கிறது. தம்பி டொரொண்டோவில். விற்பதென்று பேசி முடித்ததும் தம்பி தமிழிலேயே ஒரு கடிதம் டைப் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்: ‘இந்த வீடு சம்பந்தமாக என் அக்காவுக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்.’ தரகர் அதைப் பார்த்துவிட்டு, ‘இது போதும் அக்கா, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் மாற்றுவோம், அதிகாரம் என்ற இடத்தில் அற்றோணித் தத்துவம் என்று வரும்படி போட்டால் சரி, மிச்சத்தை நான் பார்க்கிறேன்’ என்றாராம். அற்றோணித் தத்துவம் என்றால், ஒருவருக்காக இன்னொருவர் செயல்பட எழுதித் தருகிற சட்டப் பத்திரம், ஆங்கிலத்தில் பவர் ஒஃப் அற்றோணி. அகராதியில் அதிகாரமும் தத்துவமும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தானே இருக்கிறது, அப்படிப் போட்டால் என்ன தவறு என்பது அவருடைய கேள்வி.

போடக்கூடாது. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பக்கம் பல வருடமாக இந்த மொழிபெயர்ப்பு வேலையைத்தான் செய்கிறேன், அதனால் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். மூலத்தில் கடிதம் என்றால் மொழிபெயர்ப்பிலும் கடிதம்தான். மூலத்தில் இல்லாத பத்திரத்தை மொழிபெயர்ப்பில் பிறக்க வைக்கிறவர் மொழிபெயர்ப்பாளர் இல்லை, அவருக்கு வேறு பெயர் இருக்கிறது.

ஆனாலும் வாசகியைக் குறை சொல்ல மாட்டேன். அதிகாரம் என்ற சொல் அப்படிப்பட்டது. வீட்டில் யாராவது கொஞ்சம் அதட்டினால் ‘அதிகாரம் பண்ணாதே’ என்கிறோம். பிள்ளை திருக்குறள் பாடமாக்கும்போது அதே சொல் பத்துக் குறள் கொண்ட ஒரு பகுதியாகிவிடுகிறது, மொத்தம் 133 அதிகாரம். பத்திரிகையைத் திறந்தால் அதிகாரப் பகிர்வு, 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்த நாளிலிருந்து இன்றுவரை அந்தத் தலைப்பு ஓய்ந்தபாடில்லை. வாசகி வீட்டு ஜன்னலுக்கு வெளியே கட்டுமானம் நடந்தால் அதில் பெயர் அடிபடுவது நகர அபிவிருத்தி அதிகார சபை. இந்தியில் இதே சொல்லை அதிகார் என்று சொன்னால் உரிமை என்று அர்த்தம். நமக்கு உரிமை வேறு, அதிகாரம் வேறு. தம்பிக்கு அந்தப் பிளாட்டில் பாதி இருப்பது உரிமை. அதை அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டு விற்பதற்கு வேண்டியது அதிகாரம். இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘அதி’ என்பது மேல், ‘கார’ என்பது செய்தல். ஒன்றின்மேல் நின்று நடத்துவது என்று வைத்துக்கொள்ளலாம். தொல்காப்பியத்தில் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் 9 இயல்கள். அங்கே பழைய உரைகாரர்கள் அதிகாரம் என்றால் முறைமை என்று பொருள் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது உரைகளில் வரும் இன்னொரு விளக்கம். இலக்கணத்தில் ஒரு சொல் பல சூத்திரங்களை ஆள்வது இரண்டு விதமாம். அரசன் இருந்த இடத்தில் இருந்தபடியே தன் நாடு முழுதும் தன் ஆணைப்படி நடக்கச் செய்வது போல ஒன்று, அவனுடைய தண்டத்தலைவன், அதாவது படைத்தலைவன், ஊர் ஊராகப் போய் நின்று காரியம் முடிப்பது போல இன்னொன்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெளிநாட்டுப் பத்திரங்கள்தான் நினைவுக்கு வரும். டொரொண்டோவில் இருந்த இடத்தில் இருக்கிறவர் அரசன், இங்கே காணிப் பதிவகத்துக்கும், உறுதி என்கிற சொத்துப் பத்திரத்தை எழுதுகிற நொத்தாரிசிடமும் அலைகிற அக்கா தண்டத்தலைவர். ஆனால் தண்டத்தலைவர் கையில் அரச முத்திரை இருக்க வேண்டும். ‘அரசர் என் தம்பிதான்’ என்று சொன்னால் கோட்டைக் கதவு திறக்காது.

இதே சொல் கண்டியில் ஓர் ஆளாகவே நடமாடியது. கண்டி அரசனின் முதலமைச்சர்தான் மகா அதிகாரம். ஆங்கிலேயர் வாயில் அது அடிகார் ஆயிற்று. பிலிமத்தலாவை, எஹெலபொல எல்லாம் அந்தப் பதவியில் இருந்தவர்கள். அரசன் கொடுத்த பதவி, அரசன் முகம் கோணினால் போய்விடும். எஹெலபொல வெள்ளைக்காரர் பக்கம் போனார், 1815இல் கண்டி வீழ்ந்தது, அவர்களும் அவரை நம்பவில்லை, கடைசியில் மொரிசியஸுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தார். சரி, கதை போதும்.

இப்போது தத்துவம். சென்னையிலிருந்து வந்த என் சொந்தக்காரர் ஒருவர் என் மேசையில் ‘அற்றோணித் தத்துவம்’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, யாருடைய தத்துவம், மாயாவாதமா என்று கேட்டார். அவர்கள் ஊரில் அதைப் பவர் பத்திரம் என்றுதான் சொல்வார்கள். இலங்கைச் சட்டத் தமிழில் மட்டும் தத்துவம் என்றால் ஒருவருக்குச் சட்டம் கொடுக்கிற வல்லமை. அரசியலமைப்பின் தமிழ் வாசகத்திலும் அப்படித்தான் வரும். அதே சொந்தக்காரர் பள்ளிக்கூட வாசலில் ‘அதிபர்’ என்ற பலகையைப் பார்த்து, ஜனாதிபதி ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டது வேறு கதை. நமக்கு அதிபர் என்றால் பாடசாலைத் தலைமை ஆசிரியர், அரசாங்க அதிபர், சட்டமா அதிபர், பொலிஸ்மா அதிபர். சிங்களத்தில் பொலிஸ் அதிகாரி என்றால் குறிப்பாகப் பொலிஸ் அத்தியட்சகர். தமிழிலோ ஸ்டேஷனில் இருக்கிற யாரையும் அப்படிச் சொல்லிவிடுவோம். முறைப்பாட்டு நகலை மொழிபெயர்க்கும்போது இதில் சறுக்கி, சாதாரண உத்தியோகத்தர் ஒருவருக்கு ஒரே வரியில் பதவி உயர்வு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அற்றோணி என்றதும் சட்டத்தரணியைத்தான் நியமிக்க வேண்டும் என்றும் சிலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டு வகை வழக்கறிஞர்களாக இருந்தவர்கள் 1970களில் ஒன்றாகிச் சட்டத்தரணி ஆனார்கள், அவர்களுடைய ஆங்கிலப் பட்டத்திலும் அற்றோணி என்ற அதே சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. அற்றோணித் தத்துவத்தில் அற்றோணி என்றால் உங்களுக்காகச் செயல்படுகிற ஆள், அவ்வளவுதான். அக்காவாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம். தரகராக மட்டும் இருக்கக்கூடாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதைத்தான். தரகர்கள் எல்லோரும் கள்ளர் என்று சொல்லவில்லை, ஆனால் ‘உங்களுக்கு ஏன் அலைச்சல், தம்பியை என் பெயரில் ஒரு பொது அற்றோணி எழுதித் தரச் சொல்லுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அன்றோடு அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். பொது அற்றோணித் தத்துவம் என்பது பெயருக்கேற்றபடி எல்லாவற்றுக்கும் பொது. விற்கலாம், ஈடு வைக்கலாம், காசை வாங்கலாம் என்று மூன்று பக்கத்துக்கு நீளும், கீழே கையெழுத்துப் போடுகிறவர் பனிக்குளிரில் வேலைக்குப் போகிற அவசரத்தில் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருப்பார். வெறும் தாளில் கையெழுத்து வாங்கிவைப்பதும், ‘சமாதான நீதவானின் சீல் இருக்கிறது, இனி என்ன’ என்று வாயை அடைப்பதும் இதே வகைதான். சமாதான நீதவானின் சீலுக்குச் சத்தியக் கடதாசியில் மதிப்பு உண்டு. வீடு விற்க அது உதவாது. அப்புறம், இவ்வளவு விலைக்கு மேலே வந்தால் எனக்கு இவ்வளவு என்று தரகர் பேசியிருப்பார், அந்தக் கூடுதல் காசு எவ்வளவு என்பது அற்றோணி கையில் இருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். விற்று ஆறு மாதம் கழித்துத்தான் அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றுபோகும்.

சட்டம் சொல்வது பழையது, ஆனால் தெளிவானது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி காணி, வீடு விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், சொந்தக்காரரோ அவரால் முறைப்படி அதிகாரமளிக்கப்பட்டவரோ நொத்தாரிசின் முன்பும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் முன்பும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அந்த விற்பனை செல்லாது. அற்றோணித் தத்துவங்களுக்கென்று 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தனியாக இருக்கிறது, அதன்படி பதிவும் உண்டு. தம்பி அனுப்பியது போன்ற ஒரு கடிதத்தை நம்பி உறுதி எழுத முன்வந்த நொத்தாரிசு யாரையும் நான் கண்டதில்லை. அப்படி ஒருவர் முன்வந்தால் நான் அவரிடம் போக மாட்டேன்.

அப்படியானால் அதிகாரக் கடிதம் எதற்குமே உதவாதா? உதவும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கே ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. சின்னக் காரியங்களுக்கு, ஒரு நகலை வாங்க, ஒரு பொதியை எடுக்க, ஒரு கட்டணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்க, சம்பந்தப்பட்டவரின் கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள கடிதம் போதும் என்றுதான் பெரும்பாலான கருமபீடங்களில் நடக்கிறது. என் அம்மா நடக்க முடியாமல் இருந்த காலத்தில் அவருடைய பத்திரம் ஒன்றை எடுக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கடிதத்தின் தலைப்பு ‘அதிகாரக் கடிதம்’. பிள்ளை ஒருத்தி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அதிகாரம் எல்லாம் இங்கே சரிவராது, ‘ஒப்புதல் கடிதம்’ கொண்டுவாருங்கள் என்றாள். வீட்டுக்கு வந்து தலைப்பை மட்டும் மாற்றினேன், கீழே ஒரு எழுத்தும் மாறவில்லை. அடுத்த நாள் அதே பிள்ளை அதே கடிதத்தை வாங்கி முத்திரை குத்தினாள். இன்னொரு இடத்தில் அதே கடிதத்துக்குச் சிங்கள மொழிபெயர்ப்புக் கேட்டார்கள். தமிழும் அரச கரும மொழி என்று எழுதி இத்தனை வருடம் ஆகியும், வெள்ளவத்தையில் இருக்கிற ஒரு தமிழர் தமிழில் எழுதிய நாலு வரியைக் கொழும்பில் ஓர் அலுவலகம் வாசிக்க, என்னைப் போன்ற ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. என் பிழைப்பே அதுதான் என்றாலும் வெட்கமாக இருக்கிறது.

சரி, வாசகி செய்ய வேண்டியது. உங்கள் பாதிக்கு நீங்களே கையெழுத்துப் போடலாம், அதற்கு யாருடைய அதிகாரமும் வேண்டாம். தம்பியின் பாதிக்கு மட்டும், இந்த ஒரு காரியத்துக்கென்றே எழுதிய விசேட அற்றோணித் தத்துவம் ஒன்று வேண்டும். முதலில் இங்கே, நீங்கள் தெரிவுசெய்த நொத்தாரிசிடம் போங்கள், தரகர் கூட்டிப்போகிறவரிடம் வேண்டாம். வாசகத்தை அவர் எழுதட்டும். அதில் இந்தப் பிளாட்டின் விவரம் உறுதியில் உள்ளபடியே அட்டவணையில் வர வேண்டும், ‘விற்க’ என்ற சொல் நேரடியாக இருக்க வேண்டும், ‘சம்பந்தமாக எல்லாம்’ என்பது ஆகாது. காசை வாங்குகிற அதிகாரம் தனியாக, யார் கணக்குக்கு என்பதோடு வரட்டும். தம்பியின் பெயர் கடவுச்சீட்டிலும் உறுதியிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றில் தகப்பன் பெயர் முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருப்பதுதான் நான் அதிகம் காண்கிற தலையிடி. அதன்பிறகு அந்த வாசகத்தைத் தம்பிக்கு அனுப்பி, அங்கே எங்கே, யார் முன்னால் கையெழுத்திட்டு எப்படி அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்று நொத்தாரிசு சொல்கிறபடி செய்யச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டால் அது கடைசி. வேலை முடிந்ததும் தத்துவத்தை இரத்துச் செய்யுங்கள். வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அப்படியான அறிவித்தல்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் தத்துவமும் அத்தோடு முடிந்தது, எனவே வருடக்கணக்காக இழுக்க வேண்டாம்.

தம்பியின் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். விற்கும்வரை பிளாட்டின் பராமரிப்புக் கட்டணத்தையும் தண்ணீர்ப் பில்லையும் யார் கட்டுவது என்று கீழே இருக்கிற கமிட்டிக்காரர் கேட்பார், அவரிடம் காட்ட அது தாராளமாகப் போதும்.