விமானத்தோட றெக்கை நுனி ஏன் மேல வளைஞ்சிருக்கு?

அந்த வளைஞ்ச துண்டுக்குப் பேரு விங்லெட், ஏர்பஸ் ஏ320ல அதையே ஷார்க்லெட்னு சொல்வாங்க.

பறக்கும்போது றெக்கைக்குக் கீழ காத்தழுத்தம் ஜாஸ்தி, மேல கம்மி, இந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்குது, ஆனா நுனிக்கு வந்தா தடுக்க ஒண்ணும் இல்லாததால கீழ இருக்கிற காத்து சுத்திக்கிட்டு மேல ஏறும், அதுல பின்னாடி ஒரு பெரிய சுழல் உருவாகிடும். அந்தச் சுழலுக்குப் போற சக்தி எல்லாம் எஞ்சின் எரிக்கிற எரிபொருள்லேருந்துதான் வருது, அதான் விமானத்தைப் பின்னாடி இழுக்கிற இழுவையா மாறுது.

பந்தியில வாழை இலை ஓரத்துல ரசம் வழிஞ்சா கையால இலையைத் தூக்கிப் புடிப்போம்ல, விங்லெட் பண்றதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். வழியறது முழுசா நிக்காது, ஆனா நல்லா கொறையும்.

1970கள்ல எரிபொருள் விலை எகிறினப்போ நாசாவுல ரிச்சர்ட் விட்கோம்ப்ங்கிறவர் இதை ஆராய்ச்சி பண்ணாரு, அருமையான மனுஷன். ஷார்க்லெட்டால 4% வரைக்கும் எரிபொருள் மிச்சம்னு ஏர்பஸ் சொல்லுது, ஒரு விமானம் வருஷம் பூரா பறக்கிறதை நெனச்சா அது சின்ன விஷயமே இல்ல.

றெக்கையையே நீட்டினாலும் இழுவை கொறையும்தான், ஆனா ஏர்போர்ட்ல நிறுத்த இடம் பத்தாது. அதுக்குத்தான் போயிங் 777எக்ஸ்ல நுனியைத் தரையில மடக்கிக்கிற மாதிரியே வச்சிட்டாங்க.

நெறைய பேர் விங்லெட் இருந்தா சுழலே வராதுன்னு நினைக்கிறாங்க, அது தப்பு, சுழல் பலவீனமாகும் அவ்ளோதான், அதனாலதான் பெரிய விமானத்துக்குப் பின்னாடி வர்றது இன்னிக்கும் தூரம் விட்டுத்தான் வருது.