நெல்லுச்சோத்துக்கு ஆசைப்பட்டது தப்பா?

அக்கா, வணக்கம். ராகி களி பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். எனக்கு ஏற்காடு மேல ஒரு சின்ன ஊரு. எங்க ஆயா காலத்துல சாமையும் ராகியும்தான், இப்ப மூணு வேளையும் ரேஷன் அரிசி, பசங்களுக்கு அஞ்சு ரூவா பாக்கெட், அம்மாவுக்கு சுகர். கனடால இருக்கற பிரெண்டு என்னடான்னா காலைல தினைக்கஞ்சி குடிக்கறேன்றான். பணக்கார நாட்டுல இருக்கறவன் நம்ம சாப்பாட்டுக்கு வர்றான், நாம அவன் விட்டத புடிச்சுக்கறோம். நாம முட்டாளாயிட்டமா?
— பிரபு, ஏற்காடு

தம்பி பிரபு,

முட்டாள்லாம் இல்ல. உங்க ஆயாகிட்டயே கேளுங்க, ஆசைப்பட்டா களி தின்னாங்கன்னு. எங்க அப்பாயி "நெல்லுச்சோறு"ன்னு தனியா ஒரு வார்த்தை வெச்சிருந்தாங்க, பொங்கலுக்கு, தீவாளிக்கு, மாப்ள வந்தா, அவ்ளோதான். மத்த நாளெல்லாம் பானைய கவக்கோலு போட்டு அமுக்கிகிட்டு துடுப்பால கிண்டுவாங்க, கட்டி விழக்கூடாது, மூக்கு நுனில வேர்வை சொட்டும். அந்த கை வலிக்கு முன்னாடி அரிசி எப்படி தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சுப்பாருங்க.

இங்கிலாந்துலயும் இதே கூத்துதான். வெள்ள ரொட்டி பணக்காரனுக்கு, கறுப்பு ரொட்டி ஏழைக்குன்னு இருந்துச்சு, 1880 வாக்குல உருளை மில்லு பரவி வெள்ள மாவு மலிவாச்சு, எல்லாரும் வெள்ளைக்கு மாறிட்டாங்க, இப்ப தவிட்டு ரொட்டிதான் அங்க வெல ஜாஸ்தி. ஜப்பான்ல 1962ல ஆளுக்கு வருஷம் 118 கிலோ அரிசி தின்னாங்க, இப்ப அதுல பாதிகூட இல்ல. காசு வந்தா தானியம் கொறையும், எண்ணெய், சர்க்கரை, கறி ஏறும், எல்லா நாட்லயும் நடந்ததுதான். பாரி பாப்கின்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1993ல இதுக்கு பேரே வெச்சு எழுதுனாரு.

ஆனா 1997ல அவரும் இன்னொருத்தரும் சேந்து சொன்ன விஷயம்தான் எனக்கு தூக்கம் கெடுத்துச்சு. பணக்கார நாடுங்க சம்பாதிச்சு மேல வந்தப்பறம்தான் கொழுப்பு அதிகமா தின்ன ஆரம்பிச்சாங்களாம், இப்ப சமையல் எண்ணெய் மலிவாயிட்டதால ஏழை நாட்டுக்காரன் கைல காசு சேர்றதுக்கு முன்னாடியே அங்க போயிடறான். நம்ம ஊரையே பாருங்க, தமிழ்நாட்டுல எடை கூடுன பொம்பளைங்க 2015-16 சர்வேல 100க்கு 31 பேரு, அடுத்த சர்வேல 40. அவன் ஊர்ல ஆற அமர நடந்தது நம்மளுக்கு ஒரே தலைமுறைல முடிஞ்சிருச்சு.

அதனால அரிசிய மட்டும் திட்டாதீங்க. இந்தியா முழுக்க கிராமத்துல 1999-2000ல ஒரு வீட்டு மொத்த செலவு 100 ரூவான்னா தானியத்துக்கு மட்டும் 22 ரூவா போச்சு, 2022-23ல அது 5 ரூவா (ரேஷன்ல சும்மா குடுக்கறது இதுல சேராது, அத மறந்துடாதீங்க). டீ, பலகாரம், பாக்கெட் ஐட்டம் எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 10 ரூவா! நீங்க போற போக்குல சொன்ன அந்த அஞ்சு ரூவா பாக்கெட்டுதான் பெரிய ஆளு.

சாமை போனதுக்கு நாக்கு மட்டும் காரணம் இல்ல. உமி கெட்டி, ஒரல்ல குத்தறதுக்குள்ள பொம்பளைங்க தோள்பட்டை கழண்டுரும். பக்கத்து கொல்லிமலைல மரவள்ளி போட்டா சேகோ ஆலைக்காரங்க வாங்கிக்கறாங்கன்னு சாமை காடெல்லாம் கிழங்காச்சு, அந்த ஜவ்வரிசி வடக்க விரதத்துக்கு கிச்சடியாகுது. நம்ம சாமை போய் அவங்க விரதமாச்சு, சிரிக்கறதா அழுவறதா தெரியல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்க சாமை அரைக்கற மெஷின் வெச்சு குடுத்தாங்க, "ஆரோக்கியம்"னு போர்டு எழுதறத விட அது எவ்ளவோ மேல்.

உங்க பிரெண்டுக்கு தினை பிடிக்குது, வாங்கறான், நாளைக்கு பிடிக்கலன்னா விட்டுருவான். உங்க ஆயாவுக்கு அந்த வசதி இல்ல.

அம்மாவுக்கு களி குடுங்க, ஆனா சுகருக்கு மருந்துன்னு நெனச்சு ரெண்டு உருண்டை வெக்காதீங்க, அதுவும் மாவுதான், அளவ டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. அப்பறம் உங்க மலைல சாமை அரைக்கற மெஷின் எங்கயாவது ஓடுதான்னு எழுதுங்க. சேலம் லீ பஜார்ல போன மாசம் ரெண்டு கிலோ சாமை வாங்குனேன், அரிச்சு அரிச்சு பாத்தும் கல்லு கடிக்குது.