சிஸ்டர் சொன்னால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸிலிருந்து ஒரு சிஸ்டர் வாரம் இரண்டு முறை வருகிறார். போன வாரம், வலிக்குத் தரும் மார்பினைக் கூட்டச் சொன்னார். “டாக்டர் பார்க்காமல் ஒரு நர்ஸ் இதை முடிவு செய்யலாமா?” என்று அண்ணன் சண்டை போடுகிறான். அதைக் குடித்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று அம்மா பாட்டிலை ஒளித்து வைக்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு மகள், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தப் பாட்டில். அம்மாவிடம் கோபப்படாமல் வாங்கி, குழந்தைகள் கைக்கு எட்டாத, உங்கள் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். மார்பின் தண்ணீர் மருந்து ஏறத்தாழ 4 மணி நேரம்தான் வேலை செய்யும். ஒரு வேளை தவறினால் வலி திரும்ப ஏறிவிடும், அப்புறம் அடக்குவது கஷ்டம். சில வாரம் குடித்தவருக்குச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. குறைந்த அளவில் ஆரம்பித்து, வலிக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மார்பின் ஆயுளைக் குறைக்காது. கூட்டிய முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். எழுப்பியும் எழாமல் மூச்சு மிக மெதுவானால் உடனே ஹாஸ்பிஸுக்குப் போன் செய்யுங்கள்.

என் அம்மாவின் கடைசி மாதங்களில் நாங்களும் பயந்து மருந்தைக் குறைத்துக் கொடுத்தோம். ஓர் இரவு முழுக்க முனகிக்கொண்டே இருந்தார். காலையில் வந்த சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். ஆறு நாள்! மார்பின் மலத்தைக் கட்டும், கூடவே பேதி மருந்தும் தர வேண்டும். அதுவரை யாரும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. அன்றைய வலியில் பாதி அதுதான்.

அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். நம் தென்னாப்பிரிக்காவில் மார்பின் ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாடு உள்ள மருந்து. ஒரு மருந்துச் சீட்டுக்கு 30 நாள் மருந்துதான் தருவார்கள், அதே சீட்டில் மறுபடி வாங்க முடியாது. ஹாஸ்பிஸில் அந்தச் சீட்டை டாக்டர்தான் எழுதுவார். எந்த அளவுவரை கூட்டலாம் என்று அவர் முன்பே எழுதியிருக்கலாம், இல்லை சிஸ்டர் போனில் கேட்டிருக்கலாம். எது என்று அண்ணன் சிஸ்டரிடமே கேட்கட்டும். நல்ல சிஸ்டர் அதற்காக முகம் சுளிக்க மாட்டார்.

ஆனால் ‘வெறும் நர்ஸ்’ என்ற பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கிறது. உகாண்டாவில் இதற்கென்று படித்த நர்ஸ்கள் 2004 முதல் தாங்களே மார்பின் எழுதுகிறார்கள். பிரிட்டனிலும் தகுதி பெற்ற நர்ஸ்களுக்கு 2012 முதல் அந்த அதிகாரம் உண்டு. லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸே முதலில் நர்ஸ், டாக்டரானது அப்புறம்தான். உங்கள் வீட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, அப்பா எந்த நேரத்தில் முகம் சுருக்குகிறார், எதை விழுங்க முடியவில்லை, அம்மா தூங்கினாரா என்று பார்ப்பவர் அந்தச் சிஸ்டர். அவர் சொல்வதை வைத்துத்தான் டாக்டரும் மருந்தை மாற்றுகிறார்.

அடுத்த முறை சிஸ்டர் வரும்போது அண்ணனும் வீட்டில் இருக்கட்டும். அம்மாவையும் உட்கார வைத்து, அவர் பயத்தை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். அம்மாவுக்குத் தமிழ்தான் வசதி என்றால் நீங்கள் மொழிபெயருங்கள். ‘சாவு’ என்று அம்மா சொன்னால் ‘சாவு’ என்றே சொல்லுங்கள், மழுப்பாதீர்கள். அப்பா எங்கே இருக்க ஆசைப்படுகிறார், யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சிஸ்டர் கேட்பார். பதிலை அப்பாவே சொல்லட்டும்.

அதுவரை ஒரு நோட்டில் மருந்து கொடுத்த நேரம், வலி வந்த நேரம், வெளிக்குப் போன நாள் எல்லாம் எழுதி வையுங்கள். ராத்திரியில் கூப்பிட வேண்டிய நம்பரைச் சிஸ்டரிடம் கேட்டு அதன் அட்டையில் எழுதிவிடுங்கள்.