உள் அறையில் காற்று நன்றாக வருகிறதாம்

கேள்வி: எனக்கு வயது 47. மும்பை செம்பூரில் மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், 74 வயதான அம்மா ஆகியோருடன் வசிக்கிறேன். கர்நாடக சங்கீதத்தை நல்ல கருவிகளில் கேட்பதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. குடி, புகை எதுவும் கிடையாது. நான் கேட்பவை பெரும்பாலும் 1980-களில் அப்பா ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த மத்திய அலைக் கச்சேரிகள். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து ஆம்ப்ளிஃபையர்களும் நான்கு ஜோடி ஸ்பீக்கர்களும் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றும் வந்த புதிதில் பிரமாதமாக இருக்கிறது. ஆறு மாதத்தில் ஏதோ குறைகிறது. அரங்கில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. இடது ஸ்பீக்கருக்குச் சுவரிலிருந்து இரண்டடி இடம் தேவைப்பட்டதால், ஏப்ரலில் அம்மாவின் கட்டிலை ஹாலிலிருந்து மகளின் அறைக்கு மாற்றிவிட்டு, ஹாலில் அது இருந்த இடத்தில் கருவிகளுக்காகக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்றைச் செய்து வைத்தேன். கட்டில் சட்டத்தில் தாளம் தட்டுவது அம்மாவின் பழக்கம் என்பதால் அதுவும் ஒரு வசதியாகப் போயிற்று. அவருக்கும் உள் அறையில் ஃபேன் காற்று நன்றாக வருகிறது. ஆனால் மே மாதத்திலிருந்து குரல்கள் கூர்மையாகிக் காதைக் குத்துகின்றன. நுணுக்கங்கள் தவறிவிடக் கூடாது என்று ஹால் ஃபேனைக்கூட அணைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். 40,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும் ஸ்பீக்கர்களும், இப்போதுள்ள 60 வாட்டுக்குப் பதிலாக 120 வாட் ஆம்ப்ளிஃபையரும் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகிறது. மனைவி ஒன்றும் சொல்வதில்லை. மேலே போவதா, உள்ளது போதும் என்று இருக்கப் பழகுவதா?

பதில்: மாதம் ஒரு முறையாவது இந்தக் கடிதம் எனக்கு வருகிறது. சில மாதம் அதில் கேமரா லென்ஸ் இருக்கும், சில மாதம் மோட்டார் சைக்கிள் இருக்கும், ஒரு முறை மீன் தொட்டிகூட இருந்தது. "குடி, புகை கிடையாது" என்ற வரியும் "மனைவி ஒன்றும் சொல்வதில்லை" என்ற வரியும் மட்டும் எதிலும் தவறுவதில்லை. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று நான் எழுதுவேன், நீங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த வாரம் கடைக்குப் போவீர்கள் என்றால், அதற்காக இந்தப் பக்கத்தை வீணாக்க வேண்டியதில்லை. பணம் நீங்கள் சம்பாதித்தது. அதைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி தள்ளி ஒரு வரியாக இரண்டு ஃபேன்கள் வருகின்றன. அம்மாவுக்கு உள் அறையில் ஃபேன் காற்று நன்றாக வருகிறது என்பது ஒன்று. நீங்கள் ஹால் ஃபேனை அணைத்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படிக்க உங்களுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. ஏப்ரல் மாதத்து மும்பையில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கத்தில், ஃபேன் ஓடாத ஹாலில் 74 வயதுப் பெண்மணி ஒருவர் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தார்? உங்களுக்குப் பிடித்த ராக ஆலாபனை முடிகிற வரைக்கும் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாரா, அல்லது ஏதாவது சாக்குச் சொல்லிச் சமையலறைப் பக்கம் எழுந்து போனாரா? ஹாலில் காற்றை நிறுத்தியவர் நீங்கள். அப்புறம், காற்று வரும் இடத்துக்கு அவரை மாற்றியதை ஓர் உபகாரமாக எனக்கு எழுதுகிறீர்கள்.

கட்டில் நகர்ந்ததற்கு உங்கள் கடிதத்தில் மூன்று காரணங்கள் இருக்கின்றன: ஸ்பீக்கருக்கு இரண்டடி இடம், தாளச் சத்தம், ஃபேன் காற்று. உண்மையான காரணம் முதலில் வந்துவிட்டது; மற்ற இரண்டும் மனச்சாட்சிக்குச் சொன்ன சமாதானம். காற்று நன்றாக வருகிறது என்று அம்மா தாமாகவே சொன்னாரா, இல்லை "காற்று வருகிறதா அம்மா?" என்று நீங்கள் வாசலில் நின்று கேட்டதற்கு, "எனக்கென்னப்பா, எங்கே இருந்தாலும் சரிதான்" என்றாரா? அந்தத் தலைமுறைத் தாய்மார்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கிறது.

இனி உங்கள் காது குத்தலுக்கு வருகிறேன். என் கணவர் முப்பது ஆண்டுகள், மும்பையின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான லாமிங்டன் சாலையில் ஆம்ப்ளிஃபையர்களைப் பழுதுபார்த்தவர். சாலிடரிங் வாசனையோடு வீடு திரும்புவார், சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பேச்சுத்தான். ஆகையால் நான் சொல்வதை ஏதோ கிழவியின் பிரசங்கம் என்று தள்ளிவிட வேண்டாம். மார்ச் மாதத்துக்கும் மே மாதத்துக்கும் இடையில் நீங்கள் புதிதாக எந்தக் கருவியையும் வாங்கவில்லை. அந்த ஹாலில் மாறியது ஒன்றே ஒன்றுதான். மெத்தையும் தலையணைகளும் போர்வையும் கொண்ட ஒரு கட்டில் வெளியே போயிற்று. அது இருந்த இடத்துக்குக் கண்ணாடி வந்தது. கண்ணாடி ஒலியைத் திருப்பி அடிக்கும், பஞ்சு அதை வாங்கி அடக்கிக்கொள்ளும். பத்தடிக்குப் பன்னிரண்டடியோ சற்றுக் கூடவோ இருக்கும் ஒரு செம்பூர் ஹாலில், வழவழப்பான தரை ஓடுகளுக்கும் வெற்றுச் சுவர்களுக்கும் நடுவில் மெத்தென்று இருந்த பெரிய பொருள் அந்தப் படுக்கையாகத்தான் இருந்திருக்கும். அதை எடுத்துவிட்டுக் குரல் ஏன் கூர்மையாகிவிட்டது என்று கடைக்காரரைக் கேட்டால், அவர் வேறென்ன சொல்வார்? இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்றுதான் சொல்வார்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசினால் எதுவுமே விளங்கவில்லை. சொல்லிய சொல் ஐந்தரை விநாடி வரை சுவருக்குச் சுவர் அலைந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் வாங்கச் சொன்ன கருவி எதுவும் இல்லை. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதிவிட்டு, ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தை வைத்து அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அரங்க ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் ஒலியை உறிஞ்சுகிறார்கள் என்பதையும் அவர் அளந்து சொன்னார். ஆக, உங்கள் அம்மாவும் அவருடைய நூல் புடவையும் ஒன்பது ஆண்டுகளாக உங்கள் சங்கீதத்துக்குக் கூலியில்லாமல் வேலை பார்த்து வந்திருக்கிறார்கள்.

நீங்கள் வாங்க நினைக்கும் பொருள்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வாட் இரட்டிப்பானால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். இரு மடங்கு உரக்கக் கேட்பதாக உணர ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். மனிதக் காதின் மேல் எல்லையே இளமையில் 20,000 ஹெர்ட்ஸ். அது வயதோடு இறங்கும், 47 வயதில் 15,000 கேட்டாலே பெரிது. அப்பா பிடித்து வைத்த மத்திய அலைப் பதிவில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருக்காது. அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்பதற்கு 40,000 வரை எட்டும் ஸ்பீக்கரா? மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த நாதம் தரும் இடப்பக்கம், குமுறுகிறது என்று அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன்பே இதையும் சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம் கொண்ட அறை 47, 56 ஹெர்ட்ஸ் அளவில் தானாகவே குமுறும். எந்தத் தேசத்து ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தாலும் சுவர்கள் நகரப்போவதில்லை.

அரங்கில் உட்கார்ந்து கேட்பதுபோல் இருக்க வேண்டும் என்கிறீர்கள். செம்பூரிலிருந்து சண்முகானந்தா அரங்கம் எவ்வளவு தூரம்? 2,700-க்கு மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அந்த இடத்தில் நீங்கள் கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள்? அங்கே இருமுவார்கள், மிட்டாய்க் காகிதத்தைப் பிரிப்பார்கள், முன் வரிசையில் ஒருவர் "பேஷ்" என்பார், பக்கத்து இருக்கை மாமி பட்டுப்புடவை மடியில் ஆதி தாளம் போடுவார். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாபு வந்தால் சற்றே தடுமாறி, பாடகரின் கையைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். கச்சேரி என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான். உங்கள் ஹாலில் அரங்கத்தை ஒத்திருந்த ஒரே ஒரு சத்தம், கட்டில் சட்டத்தில் விழுந்த அந்த விரல்களின் சத்தம். அதைத்தான் இடைஞ்சல் என்று உள்ளே அனுப்பிவிட்டு, அரங்கத்தைக் கடையில் தேடுகிறீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள், தம்பி. ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அப்பா அந்தக் கச்சேரிகளைப் பிடித்த இரவுகளில், அதே அறையில் யாரும் இருமிவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் யார்? அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனவர் யார்? அந்தக் குழந்தை நீங்கள்தான். அந்தப் பதிவுகளில் நீங்கள் இரைச்சல் என்று நினைக்கும் பாதிச் சத்தம், பாத்திரம் நகர்வதும் கதவு சாத்துவதும், அந்த வீட்டுடையதாகத்தான் இருக்கும். எது எந்த ஊர், எந்த வருஷம், அன்றைக்கு வயலின் வாசித்தது யார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளை அடுத்த அறையில் வைத்துவிட்டு, கேபிளை மாற்றினால் கூடுதல் விவரம் கேட்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் பழைய மனம்தான், மறைக்கவில்லை. மும்பையில் ஹால் என்பது குடும்பத்தின் பொது இடம். அதில் முதல் உரிமை வீட்டின் மூத்தவருக்கு, அப்புறம் குழந்தைக்கு, அப்புறம்தான் சம்பாதிக்கிறவருக்கு. வயதானவர்கள் ஹாலில் படுக்க விரும்புவதற்குக் காரணம் உண்டு. வாசல் மணி அடித்தால் யார் வந்தார்கள் என்று தெரியும், பால்காரர் முகம் தெரியும், வீடு தம்மைச் சுற்றி நடக்கிறது என்ற நினைப்பு இருக்கும். உள் அறைக்குப் போன பிறகு அவர்களுக்குத் தெரிவது சுவரும் நேரமும்தான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணின் அறையில் பாட்டி எத்தனை முறை இருமலை அடக்கிக்கொள்கிறார் என்று மகளைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒன்றும் சொல்லாத உங்கள் மனைவியிடமும் கேட்கலாம்; ஆனால் ஒன்பது ஆண்டுகளில் ஒன்பது கருவிகளைப் பார்த்த பிறகு அவர் சொல்வதை நிறுத்தியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

ஆறு மாதத்தில் ஏதோ குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கருவியில் ஒன்றும் குறைவதில்லை. ஆறு மாதத்தில் ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போனால் என் கணவர் பணக்காரராகி இருப்பார். புதுப் பெட்டி வந்த வாரத்தில் நீங்கள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் உன்னிப்பாகக் கவனிக்கிறீர்கள், காது பழகியதும் கவனம் போய்விடுகிறது, அந்தக் கவனத்தைத் திரும்பப் பெற மறுபடி பெட்டி வாங்குகிறீர்கள். என் கணவரின் கடைக்கு இப்படி ஒருவர் வருவார். வேலை செய்துகொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையரையே கொண்டுவந்து வைத்து, "என்னவோ சரியில்லை" என்பார். இவரும் மூடியைத் திறந்து தூசியைத் தட்டி மூடிக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். அந்த மனிதர் இரண்டு வாரம் சந்தோஷமாகக் கேட்பார். அவரோடு உட்கார்ந்து கேட்க வீட்டில் யாரும் இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். கண்ணாடிக் கதவுகளைக் கழற்றுங்கள், அல்லது அலமாரியையே உள் அறைக்கு அனுப்புங்கள். அதற்கு அங்கே காற்று தேவைப்படாது. இடது ஸ்பீக்கருக்கு இரண்டடி கிடைக்காது, ஓரடிதான் கிடைக்கும். கிடைத்ததில் அது பாடட்டும். கட்டிலை மாற்றியதற்குக் காரணம் கேட்டால் அம்மாவிடம் ஃபேனைப் பற்றியோ ஒலியியலைப் பற்றியோ விளக்கம் சொல்ல வேண்டாம், "நீங்கள் இங்கேயே இருங்கள் அம்மா" என்றால் போதும். அன்று மாலை எந்தக் கேசட்டைப் போடுவது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எதையாவது வாங்காமல் கை அடங்காது என்றால், வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. உங்கள் ஹால் ஃபேன் நீங்கள் அணைக்கும் அளவுக்கு இரைகிறது என்றால், பேரிங் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் ரெகுலேட்டரால் உறுமும். இப்போது வரும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன்களில் அந்த உறுமல் கிடையாது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 வாட் அளவில் ஓடும், மூவாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின் கிடைக்கிறது. அதைக் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டச் சொல்லுங்கள்.